அப்பாவின் விரலுக்கு எட்டும் பாட்டு: போனா, இசைத்தட்டா, தரவிறக்கமா, இறுவட்டா?

சித்திரையில் எனக்குச் சீட்டு விழுந்தது. எண்பதாயிரம் ரூபாய். குளிர்சாதனப் பெட்டியை மாற்றலாம் என்றார் அம்மா. பழையது இன்னும் ஓடுகிறது, இந்தக் காசு வீட்டுப் பாட்டுக்கு என்றேன் நான். காரணம் அப்பா. அவருக்கு வயது எழுபத்தாறு. இரண்டு கண்ணிலும் கண் அழுத்த நோய். நேரே ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரிகிறது, அதுவும் நல்ல வெளிச்சம் இருந்தால். பேப்பர் வாசிப்பை விட்டு இரண்டு வருசம் ஆகிறது. விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை அவருக்குக் காதுதான் துணை.

அந்தக் காசை எதில் போடுவது? மாதச் சந்தா கட்டிப் போனில் கேட்பதா? அப்பாவின் பழைய இசைத்தட்டு இயந்திரத்தைத் திருத்தித் தட்டுகள் வாங்குவதா? பாட்டுக்காரரிடமிருந்து நேரே கோப்பாக வாங்குவதா? அல்லது எல்லோரும் கைவிட்டுவிட்ட இறுவட்டா, அதாவது சி.டி.யா? சித்திரையிலிருந்து ஆவணி வரை நான்கையும் முயன்று பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு அல்பம் வாங்கி, வீட்டில் வைத்துக் கேட்டு, அப்பாவையும் கேட்கவைத்தேன். இதே யோசனையோடு இருக்கிறவர்களுக்கு, முக்கியமாக வீட்டில் வயசான ஒருவரை வைத்திருக்கிறவர்களுக்கு, உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி முடிவை எடுத்தது அதுதான். திருகோணமலையில், டைக் வீதிப் பக்கம். கடலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு வரிசை வீடு. காற்று வாக்காக இருந்தால் கோணேசர் கோயில் மணி கேட்கும். அதே காற்று உப்பையும் கொண்டுவரும். கதவுக் கொண்டி, தையல் மெஷின், மின்விசிறியின் கம்பி எல்லாவற்றிலும் அது வேலை காட்டும். வாடை தொடங்கினால் அலுமாரிக்குள் தொங்கும் சட்டையும் ஈரம் குடிக்கும். இந்த ஊரில் எந்தப் பொருளை வாங்கினாலும் அது மூன்று மாரி தாங்குமா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

போனிலிருந்து தொடங்குகிறேன். ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன் எங்களுக்கு எல்லாமே யூரியூப்தான். சந்தா கட்டிக் கேட்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான் கிண்ணியாவில் படிப்பிக்கிறேன், போக வர பஸ். அந்த நேரத்தில்தான் என் சொந்தக் கேட்டல் நடக்கிறது. 'வள்ளியம்மா பேராண்டி'யை நான் கண்டுபிடித்தது அப்படித்தான். ராப் பாடகர் அறிவு 2024இல் வெளியிட்ட அல்பம். அவரது பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அவரின் பேரன் என்பதையே அல்பத்தின் பெயராக வைத்திருக்கிறார். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் விரியும். அந்த இடத்தில் அவர் குரலைக் கேட்பது எனக்குப் பிடிக்கும். சில பாட்டில் சொல் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. பேச நிறைய இருக்கிற ஒருவர் அப்படித்தான் பேசுவார். மலையகத்துப் பிள்ளை ஒருத்தி எங்கள் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளுக்கு ஒரு காது இயர்போனைக் கொடுத்தேன். இறங்கும் வரை திருப்பித் தரவில்லை.

தேடிப் பிடிப்பதற்குப் போனை அடிக்க ஒன்றுமில்லை. செலவும் கட்டுப்படியாகும். விநாடிக்கு 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணித்தியாலம் கேட்டால் 144 மெகாபைட் டேட்டா போகும். மாதம் முழுவதும் கேட்டாலும் வீட்டு ரூட்டர் தாங்கும்.

குறை மூன்று. ஒன்று, நேற்றிருந்த பாட்டு இன்றைக்குச் சாம்பல் நிறமாகி நிற்கும், தொட்டால் பாடாது. உரிமை ஒப்பந்தம் ஏதோ மாறியிருக்கும். எங்களுக்கு அறிவிப்பு வராது. நான் சேர்த்துவைத்த பட்டியலில் இப்படி ஏழு பாட்டுப் போய்விட்டன. இரண்டாவது, மின்சாரம். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை இந்த நாட்டில் யாரும் மறக்கவில்லை. கரண்ட் போய்ச் சில மணித்தியாலத்தில் போன் கோபுரத்துப் பற்றறியும் இறங்கிச் சிக்னலும் போய்விடும். பாட்டுகளை முன்கூட்டியே போனில் இறக்கி வைக்கலாம், உண்மைதான். ஆனால் முப்பது நாளைக்கு ஒரு தடவையாவது இணையத்தோடு தொட்டுக்கொள்ளாவிட்டால் அவையும் திறவா.

மூன்றாவதுதான் எனக்குப் பெரியது. போனின் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அப்பாவின் விரலுக்கு அதில் பிடிக்க ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. குரலால் கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். அப்பா "சீர்காழியின்ர பாட்டுப் போடு" என்று தெளிவாகத்தான் கேட்டார். மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் வேறெதையோ போட்டது. எங்கள் பேச்சு அதற்குப் பழக்கமில்லை. அப்பா போனை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "நீ பள்ளிக்கூடத்தால வந்து போடு பிள்ளை" என்றார்.

நான் வீட்டுக்கு வர மூன்று மணியாகும். அவர் காலை நாலரைக்கு எழும்புகிறவர். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. எது நல்ல ஒலி, எது மலிவு என்று பார்த்துக்கொண்டிருந்தவள், எதை அப்பா என்னை எதிர்பாராமல் தானே போட்டுக் கேட்கலாம் என்று பார்க்கத் தொடங்கினேன்.

இசைத்தட்டு அப்பாவின் இளமைப் பொருள். எங்களிடம் இருபத்துமூன்று தட்டுகள் மிச்சம். அவற்றில் ஒன்றுக்கு இந்த ஊரில் தனி மதிப்பு உண்டு. அது திருகோணமலையின் பரமேஷ் பாடிய தட்டு, 'உனக்குத் தெரியுமா' என்ற பாட்டு உள்ளது. பரமேஷ் – கோணேஷ் என்று சொன்னால் அப்பாவின் வயதுக்காரர் எல்லோருக்கும் முகம் மலரும். இந்தியப் பாட்டுக்காரரின் குரல்தான் தட்டில் வரும் என்று இருந்த காலத்தில், எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் பாடி அதுவும் தட்டாக வந்தது என்பது அவர்களுக்குச் சின்ன விசயமில்லை. அப்பா அந்தத் தட்டை இன்னும் இரண்டு கையாலும் விளிம்பில்தான் பிடிப்பார்.

இயந்திரத்தைத் திருத்தக் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றியதும் பெல்ட் தாராக உருகித் தகட்டில் ஒட்டிக் கிடந்தது. திருத்துகிற தம்பி அதைத் துணியால் துடைத்தபடி, "பெல்ட் எடுத்துத் தரலாம் அக்கா, ஊசிதான் கொழும்பில தேட வேணும்" என்றார். தேடினோம், கிடைத்தது, விலையும் கொடுத்தேன். ஊசி கீழே இறங்கி முதல் உரசல் கேட்டதும் அம்மா குசினியிலிருந்து வந்து நின்றார். அந்த ஒலியின் இதத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பாட்டு ஏதோ அடுத்த அறையில் நடப்பது மாதிரி இருந்தது.

ஆனாலும் இந்த வீட்டுக்கு இது சரிவராது. நீள்தட்டின் (எல்.பி.) ஒரு பக்கம் ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடம்தான் ஓடும். பிறகு யாராவது எழும்பிப் புரட்ட வேண்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை ஊசி வைக்கிற இடம். ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் வரி அகலமாக, வழவழப்பாக ஒரு கோடு இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அது மின்னும். அப்பா ஒரு காலத்தில் அந்த மின்னலைப் பார்த்து, இரண்டாம் பாட்டா மூன்றாம் பாட்டா என்று குறி தப்பாமல் ஊசியை வைப்பார். இப்போது கை நடுங்கவில்லை, கண்தான் இல்லை. முயன்றார். ஊசி வரிகளுக்குக் குறுக்கே இழுபட்ட சத்தம் கேட்டதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அட்டை உறைகளின் நிலை வேறு. வாடைக்கு அவை பூஞ்சணம் பிடித்துப் பொருக்கு விடும். தட்டைக் கழுவலாம், உறையைக் கழுவ முடியாது. புதிதாக அச்சிட்டு வரும் தட்டுகளின் விலைக்கு நான்கு ஐந்து இறுவட்டு வாங்கலாம். கண்ணும் காசும் காய்ந்த காற்றும் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். கசெற் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 1992இல் 'ரோஜா' வந்தபோது வாங்கிய கசெற்றை எடுத்துப் பார்த்தேன், நாடாவில் வெள்ளைப் பூ பூத்திருந்தது.

மூன்றாவது வழி, கோப்பாக வாங்கி இறக்கி வைத்துக்கொள்வது. இதைப் பற்றி எங்கள் பக்கத்தில் அதிகம் பேசப்படுவதில்லை, பேச வேண்டும். 2008இல் தொடங்கிய பாண்ட்காம்ப் மாதிரியான தளங்களில் பாட்டுக்காரரே தன் அல்பத்தை விலைக்கு வைக்கலாம். கோப்பு விற்பனையில் தளம் எடுப்பது 15 வீதம், பணம் அனுப்பும் செலவு போக மிச்சம் பாட்டுக்காரருக்கு. 2020 பங்குனியில் தொடங்கி, அறிவிக்கப்பட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் எடுப்பதில்லை. சந்தா வழியில் ஒரு பாட்டை நான் நூறு தரம் கேட்டாலும் அந்தப் பாட்டுக்காரருக்கு ஒரு தேத்தண்ணிக் காசு போய்ச் சேருமா என்பது சந்தேகம். புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகள், இங்கே மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டு அறையில் பதிவு செய்கிற பிள்ளைகள், இவர்களுக்கு நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் வாங்குவதுதான் ஒரே வழி.

நான் இப்படி வாங்கியது 'மேட் இன் ஜாஃப்னா', 2021இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலின் அல்பம். அவரும் மிருதங்கக்காரர் யஞ்சனும் சேர்ந்து செய்த மிருதங்க ராப் தொடரை யூரியூப்பில் பார்த்துத்தான் இவரைத் தெரியும். அதைப் போட்டபோது அப்பா சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து, "ஆர் அந்த மிருதங்கம்?" என்று கேட்டார். இங்கிலீசில் சட சடவென்று போகும் ராப் அவருக்குப் பிடிபடவில்லை, மிருதங்கம் பிடித்தது. சொல்லும் தாளமும் ஒன்றையொன்று துரத்துவதைக் கேட்டு, வாயால் தாளம் சொல்லும் "கொன்னக்கோல் மாதிரித்தான் பிள்ளை" என்றார். எனக்கு அந்த அல்பத்தில் பிடித்தது அதன் நிமிர்வு. ஊரின் பெயரை முகப்பில் போட்டு நிற்கிறார். லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. 2005இல் தகப்பனின் பெயரில் 'அருளர்', 2007இல் தாயின் பெயரில் 'கலா' என்று இரண்டு அல்பத்துக்குப் பெயர் வைத்தது நினைவு வந்தது. தூரம் போன பிள்ளைகள் வீட்டுப் பெயரை உரத்துச் சொல்கிறார்கள்.

கஷ்டம் வாங்குவதில்தான். என் வங்கி அட்டை இரண்டு முறை மறுத்தது. கிளைக்குப் போய் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்து, மூன்றாவது கிழமைதான் சரிவந்தது. வாங்கிய கோப்பு உங்களுடையது, யாரும் பிடுங்க முடியாது. ஆனால் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. ஒரு பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். என்னுடையதில் செருகும் முனை ஒரு மாரிக்குள் பச்சை பிடித்துவிட்டது. வேறு வேறு இடத்தில் இரண்டு பிரதி வேண்டும்.

அப்பாவுக்கு இதுவும் நேரே உதவாது. கணினியும் அவருக்குப் போன் மாதிரித்தான். ஆனால் கோப்பை வெற்று இறுவட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்ற ஒரு சந்து இருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இறுவட்டு. முதலில் ஜப்பானில் சந்தைக்கு வந்தது 1982இல். பன்னிரண்டு சென்ரிமீற்றர் அகலம், எழுபத்துநான்கு நிமிடம் பாட்டு. விநாடிக்கு 1,411 கிலோபிட், அதாவது போனில் வரும் 320இன் நான்கு மடங்குக்கு மேல். ஒரு வட்டை உள்ளே வைத்து, மூடியைச் சாத்தி, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், முதலிலிருந்து கடைசி வரை அது பாடும். அப்பாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பாவித்த இயந்திரம் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுத்தேன், இருபத்தெட்டாயிரம் ரூபாய். மேலே மூடி திறக்கிற வகை. இதைக் கவனித்து வாங்குங்கள். நாக்கு மாதிரி வெளியே நீளும் தட்டு உள்ள வகையில் அந்த நாக்கை இழுக்கவும் ஒரு ரப்பர் பெல்ட் இருக்கும். எங்கள் வெக்கைக்கு அது தளர்ந்துவிடும். மேல்மூடி வகையில் அந்த வில்லங்கம் இல்லை. கண் தெரியாதவருக்கும் அதுதான் லேசு. நடுவில் நிற்கும் குமிழை விரலால் தடவிக் கண்டு, வட்டின் துளையை அதன்மேல் வைத்து அமுக்கினால் 'டிக்' என்று உட்காரும். பெரிய டோர்ச் பற்றறியிலும் ஓடும், மின்வெட்டுக்குப் பயமில்லை. பாட வைக்கும் பொத்தானின் மேல் ஒரு சொட்டுப் பசை விட்டுக் காயவைத்தேன், மேடாக நிற்கிறது.

எந்த வட்டு எது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஒரு விசயம் கற்றேன். இறுவட்டில் கீறல் விழக்கூடாது என்று எல்லோரும் கீழ்ப் பக்கத்தையே பாதுகாப்பார்கள். உண்மையில் பலவீனமான பக்கம் மேலே, பெயர் அச்சிட்ட பக்கம். பாட்டைத் தாங்கும் அலுமினியப் படலம் அந்த அச்சுக்கும் மெல்லிய பூச்சுக்கும் நேர் கீழே இருக்கிறது. கீழ்ப் பக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் பிளாஸ்ரிக் உண்டு. மேலே நகம் பட்டாலோ, ஒட்டிய ஒன்றைப் பிய்த்தாலோ படலமும் சேர்ந்து வரும். அந்த வழியாக ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்துவிடும். அதனால் வட்டின்மேல் ஒன்றும் ஒட்டக்கூடாது. நான் பெட்டியில் ஒட்டினேன். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து பொத்தான்கள் எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் மேல் மூலையிலும் ஒன்று.

கோட்டுப் பொத்தான், பெரியது, நான்கு துளை: இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை ஜே. எஸ். பாக்குக்கும் சமர்ப்பித்த அல்பம். பாட்டுக்காரர் இல்லை, சொல் இல்லை, வி. எஸ். நரசிம்மனின் வயலின் பேசுகிறது. இதை நான் போனில் பலமுறை கேட்டிருக்கிறேன், ஆனால் முழுதாகக் கேட்டதில்லை என்பது வட்டில் போட்டபோதுதான் தெரிந்தது. இதில் ஒரு பாட்டின் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', பாக்கை என் வீட்டில் கண்டேன் என்கிறார். அடுத்ததன் பெயர் 'அண்ட் வீ ஹாட் எ டோக்', பிறகு நாங்கள் பேசினோம். ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டி இரண்டு பாட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறார். போனில் பாட்டுகளைக் குலுக்கிப் போட்டால் பேச்சு முதலில் வந்து சந்திப்பு பிறகு வரும், அல்லது வராமலே போகும். முதலாவதில், தனி வயலினுக்குப் பாக் எழுதிய பார்ட்டிட்டா என்ற இசைத் தொகுப்பின் துள்ளலான தொடக்கம் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேலும் பக்கத்திலும் இவருடைய கோடுகள் வந்து சேர்கின்றன. மூத்தவர் பேசும்போது குறுக்கிடாமல் கூடவே நடந்துபோகும் ஒரு பிள்ளையின் மரியாதை அதில் இருக்கிறது. இந்த ஐந்து மாதத்தில் எனக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

சட்டைப் பொத்தான், சின்னது: இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்', 1988. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், மொத்தம் ஐந்தே உருப்படி. இரண்டையும் வைத்து எதை வாங்குவது என்று கேட்கிறவருக்கு நான் முன்னதைச் சொல்வேன், அதில் சரக்கு அதிகம். இதில் சில இடத்தில் வாத்தியக் கூட்டம் குழலை மூடிவிடுகிறது. அப்பா இதற்கு எதிர்க்கட்சி. முதல் உருப்படியின் தொடக்கத்தைக் கேட்டுவிட்டு இதற்குக் காத்துப் பாட்டு என்று பெயர் வைத்துவிட்டார். விடிய நாலரைக்கு, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கடல் இரைச்சலுக்கு மேலே இதைப் போடுகிறார். நான் படுக்கையில் கிடந்தபடி கேட்பேன். அந்த நேரத்தில் கேட்கும்போது அவர் சொல்வது சரி என்றுதான் படுகிறது.

பித்தளை அமுக்குப் பொத்தான்: இதுவும் இளையராஜா, 'திருவாசகம்', 2005. புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழுவோடு பதிவு செய்தது. ஆறு பகுதி. எங்கள் வீட்டில் சிவபுராணம் சொல்லாமல் விளக்கு வைப்பதில்லை, அதனால் எதிர்ப்போடுதான் கேட்கத் தொடங்கினோம். 'பொல்லா வினையேன்' ஏறத்தாழ இருபது நிமிடம். முதல் தரம் அம்மாவுக்கு நடுவில் வரும் இங்கிலீசுப் பகுதி ஒட்டவேயில்லை, எனக்கும் அப்படித்தான். இப்போதும் அந்த இடம் வந்தால் மனம் வெளியே போய்த் திரும்பி வருகிறது. ஆனால் 'பூவார் சென்னி மன்னன்' வேறு. யாத்திரைப் பத்து என்று பதிகத்துக்குப் பெயர். அந்தக் குரல்கள் திரண்டு எழும்போது நிசமாகவே ஊர் திரண்டு போகிற மாதிரி இருக்கும். 'புற்றில் வாழ் அரவும் அஞ்சேன்' வந்தால் அம்மா கூடவே சொல்வார். இதைப் போனில் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டு, பிடிக்கவில்லை என்று விட்டவர்கள் ஒரு நல்ல பெட்டியில் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். அடி வாத்தியங்கள் அங்கே கேட்கவே கேட்காது.

நான்காவது பெட்டியில் பொத்தான் இல்லை, கடற்கரையில் எடுத்த ஒரு சின்னச் சிப்பி. கோயிலடியில் வாங்கிய தேவார இறுவட்டு. ஓதுவார் ஒருவர், ஒரு சுருதி, வேறொன்றுமில்லை. அதில் சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம் இருக்கிறது, மூன்றாம் திருமுறை, பண் புறநீர்மை. சின்ன வயதிலிருந்து கூட்டத்தோடு சேர்ந்து கத்திப் பாடிய பதிகம். தனிக்குரலில் கேட்டபோதுதான் சொற்கள் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. தொடக்கமே சத்தம்தான்: 'நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும்'. அரவம் என்றால் இங்கே பாம்பு இல்லை, ஒலி. கழலின் ஒலி, சிலம்பின் ஒலி, பிறகு 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்று எங்கள் கடலின் ஒலி, அலை முத்தைக் கரையில் கொழிக்கிறது. சம்பந்தர் இங்கே வந்து பாடியதில்லை, இராமேசுவரத்தில் இருந்தபடி பாடினார் என்பது பெரியபுராணம். இதை நான் சொன்னபோது அப்பா, "காணாமப் பாடினவர்தானே, அதுதான் எல்லாம் காதால வருது" என்றார்.

பழைய இறுவட்டு வாங்கப் போகிறவர்களுக்குச் சில விசயம் சொல்கிறேன். கீழ்ப் பக்கம் சுத்த வெள்ளியாக இருந்தால் அச்சிட்டது. பச்சை அல்லது நீலச் சாயல் அடித்தால் யாரோ கணினியில் எழுதியது, பெட்டி அட்டை எவ்வளவு வடிவாக இருந்தாலும். எழுதிய வட்டில் பாட்டைத் தாங்குவது சாயப் படலம், வெயிலுக்கும் வெக்கைக்கும் அது வெளிறும். எனக்கு ஒரு கடையில் ஒறிஜினல் விலைக்கு அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அச்சிட்ட வட்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்திய மாதிரிப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் படலம் அரிக்கத் தொடங்கிவிட்டது, விட்டுவிடுங்கள். துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, சுற்றிச் சுற்றி அல்ல. வைப்பது இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில், உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். இரும்பு அலுமாரி எங்கள் பக்கத்துக்குச் சரிவராது.

இறுவட்டின் குறை, கிடைப்பதுதான். ஊரில் புதுக் கடை எதுவும் இல்லை. இன்றைக்கு வரும் அல்பங்களில் மிகச் சிலதான் வட்டாக வருகின்றன. அறிவின் அல்பத்தை நான் வட்டில் தேடிக் காணவில்லை. இயந்திரத்தின் கண்ணாடிக் கண் ஒரு நாள் மங்கும், அப்போது திருத்த ஆள் இருப்பாரா தெரியாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். இன்னும் ஐந்து வருசம் ஓடினால் எனக்குப் போதும்.

ஆக, காசு போன வழி இது. இயந்திரத்துக்கு இருபத்தெட்டாயிரம். வட்டுகளுக்கும் அனுப்புகூலிக்கும் இருபத்தோராயிரம். இசைத்தட்டு இயந்திரத்தின் பெல்ட்டுக்கும் ஊசிக்கும் பதினோராயிரம். அந்தச் செலவை நான் வீண் என்று சொல்ல மாட்டேன், அம்மா குசினியிலிருந்து வந்து நின்றாரே. கோப்பாக வாங்க மாதம் ஆயிரம் ஒதுக்கியிருக்கிறேன், அது எங்கள் பிள்ளைகளின் பாட்டுக்கு மட்டும். வாங்கியதை அப்பாவுக்காக வெற்று வட்டில் எழுதிக் கொடுக்கிறேன். சாயம் வெளிறினால் திருப்பி எழுதலாம், மூலம் என்னிடம் இருக்கிறது. சந்தாவை நிறுத்தவில்லை, பஸ்ஸுக்கு அது வேண்டும். பஸ்ஸில் கேட்டு, மூன்று மாதம் கழிந்தும் ஒரு அல்பத்தை முழுதாகக் கேட்கத் தோன்றினால் அதை வாங்குவேன். அப்படிப் பார்த்தால் வருசத்துக்கு ஆறோ ஏழோதான் தேறும்.

மிச்சம் உள்ளதில் ஒரு வேலை பாக்கி. பரமேஷின் தட்டை இனி ஊசி வைத்து ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். கொழும்பில் ஒருவர் பழைய தட்டுகளை முறையாகக் கழுவி, கோப்பாக மாற்றித் தருகிறார். மாரி முடிந்து தையில் இரவு ரயிலில் போகிறேன், தட்டை மடியில் வைத்துக்கொண்டு. வட்டாக எழுதிக்கொண்டுதான் திரும்பி வருவேன். தையல் டப்பாவைக் கிளறி அப்பா அதற்கு இப்போதே ஒரு பொத்தான் எடுத்து, சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.